நாற்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்தெட்டு

தம்பி,

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, எழுதி முடித்த கையோடு தபால் நிலையத்துக்குப் போகப் போகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டில் தபால் பெட்டி என்று ஒன்று இருப்பதாவது உனக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான். அதனால் 'கடிதம் வருகிறது, பெட்டியைத் திறந்து பார்' என்று வாட்சப்பிலும் ஒரு வரி போட்டுவிடுவேன். அதற்கு எல்லாவற்றையும் வாட்சப்பிலேயே எழுதினால் என்ன என்று கேட்பாய். எழுதலாம்தான். ஆனால் நான் ஒவ்வொரு வரியாக அனுப்ப அனுப்ப, நீ நடுவில் 'சரிம்மா', 'ஓகேம்மா' என்று போட்டுக்கொண்டே இருப்பாய். நானும் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். பல வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடந்து வருகிறது. இந்த முறை நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் காகிதம்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் கல்யாண விருந்தாளிகள் பட்டியலில் நாற்பத்தேழாவது வரிசை காணாமல் போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர் கோளாறு இல்லை. நான்தான் அதை மறைத்தேன். அந்த வரிசையில் இருந்தது உன் அப்பாவின் பெயர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நீயே டைப் செய்து சேர்த்திருந்தாய். ஊர் என்ற கட்டத்தில் பந்திங், எத்தனை பேர் என்ற கட்டத்தில் ஒன்று. மேசை எண் மட்டும் காலியாக இருந்தது. அதை என்னிடம் விட்டிருந்தாய் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. அன்றைக்குப் பெயரைப் பார்த்ததுமே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அழிக்காமல் ஏன் மறைத்தாய் என்று கேட்டால், அதற்கு நீ காக் ரொஹானாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். போர்ட் கிள்ளானில் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் நான் கிராணியாக இருந்தபோது பக்கத்து மேசையில் இருந்தவள். தட்டச்சு இயந்திரத்தில் தொழில் கற்றவள் நான். கம்ப்யூட்டர் வந்த புதிதில் எதைத் தொட்டாலும் எதையாவது அழித்துவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். அவள்தான் ஒருநாள் என் தோளைத் தட்டி, "ஹைட் சாஜா லா, காக். ஜாங்கான் டிலீட். நந்தி மெனாங்கிஸ்" என்றாள். மறைத்தால் போதும் அக்கா, அழிக்காதே, பிறகு அழுவாய் என்று அர்த்தம். அன்று முதல் நான் எதையும் அழித்ததில்லை. ஓய்வு பெறும்போது என் ஃபைல்களில் தெரிந்த வரிசைகளைவிட மறைந்திருந்த வரிசைகள் அதிகம் என்று புதிதாக வந்த பெண் அலறினாளாம். அலறட்டும். என்னைக் கேட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஆக, உன் அப்பா பெயர் இருந்த வரிசை எண் மேல் வலது பக்கச் சொடுக்கு ஒன்று, 'ஹைட்' ஒன்று. முடிந்தது வேலை. அந்த வரிசை போன இடம் தெரியவில்லை. நாம் இருவரும் திறந்து பார்க்கும் ஒரே ஃபைல் அது என்பது தெரியும். இருந்தாலும் உன் வேலை மும்முரத்தில் நானூறு பேர் பட்டியலை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்க்க உனக்கு எங்கே நேரம் என்று நினைத்தேன். எனக்கு இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான், அவன் நாள் முழுக்கத் தொலைபேசியில் ஊராரின் எக்செல் கோளாறுகளைத் தீர்த்துவைத்துத்தான் சம்பளம் வாங்குகிறான் என்பதை அந்த நிமிடத்தில் நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! நீ ஒவ்வொரு கோளாறாகச் சரி செய்யச் செய்ய, நான் நாற்பத்தேழு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்ட கதை. நான் எல்லோர் பெயரையும் ஐசி அடையாள அட்டையில் இருப்பதுபோல், இன்னாரின் மகன் என்பதற்கு நடுவில் 'ஏ/எல்' போட்டு, அப்பா பெயரோடு சேர்த்து எழுதியிருந்தேன். பத்தியோ குறுகலாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஊர் பெயர் நிரம்பியிருந்ததால் எல்லாம் 'ஏ/எல்'லோடு நின்றுபோயின. சரவணன் ஏ/எல், சரவணன் ஏ/எல், சரவணன் ஏ/எல் என்று வரிசையாக ஏழு சரவணன்கள், ஒருவனுக்கும் அப்பன் இல்லை. எந்தச் சரவணனுக்குக் கார்டு கொடுத்தோம், எவனுக்குக் கொடுக்கவில்லை என்று தெரியாமல் உனக்கு அழைத்தேன். "எதுவும் அழியலம்மா, உள்ளதான் இருக்கு. பக்கத்துக் கட்டம் மறைக்குது. மேல ரெண்டு எழுத்துக்கு நடுவுல கோடு இருக்குல்ல, அதுல டபுள் கிளிக் பண்ணுங்க" என்றாய். பண்ணினேன். ஏழு சரவணன்களுக்கும் அப்பா வந்து சேர்ந்தார்கள். நீ மெதுவாகச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது ஒரு புதன்கிழமை, உன் சாப்பாட்டு நேரத்தில். சுங்கை பூலோவிலிருந்து பெண் வீட்டார் அனுப்பிய பெயர்களை நான் அப்படியே ஒட்டியிருந்தேன். அதில் பாதிப் பேருக்கு முழு முகவரியும் அதே கட்டத்துக்குள் மடிந்து விழுந்து, சில வரிசைகள் விரற்கடை உயரத்திலும் சில வரிசைகள் சாண் உயரத்திலும் நின்றன. நான் கைப்பேசியின் கேமராவை லேப்டாப்புக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்க, நீ ஒரு வாய் நாசி லெமாக் தின்றுகொண்டே, "எல்லாத்தயும் செலக்ட் பண்ணிட்டு, ரோ ஹைட், அதான் வரிச ஒயரம், இருபதுன்னு போடுங்கம்மா" என்றாய். உன் பேச்சைக் கேட்டு இருபது என்று போட்டேன். சாண் உயர வரிசைகள் எல்லாம் ஒழுங்காகச் சுருங்கின. அதோடு, சுருட்டி ஒளித்து வைத்திருந்த நாற்பத்தேழும் மற்றவர்களுக்குச் சமமாக இருபது உயரத்தில் எழுந்து நின்றது! மறைத்து வைத்த வரிசைக்கும் உயரம் கொடுத்தால் அது வெளியே வந்துவிடும் என்று காக் ரொஹானா எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் லேப்டாப்பைப் படாரென்று மூடினேன். "என்னம்மா ஆச்சு?" என்றாய். "கரண்டு போச்சு" என்றேன். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுவதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேசுவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் உடனே லேப்டாப்பைத் திறந்து நாற்பத்தேழை மறுபடியும் மறைத்தேன்.

அன்று முதல் எனக்குக் குறுக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. நீ இடது ஓரத்து எண்களைப் பார்த்துவிடக் கூடாதே என்று, வலது ஓரத்தில் வேண்டுமென்றே கோளாறு உண்டாக்கி வைத்தேன். கார்டு கொடுத்த தேதிப் பத்தியை நானே இழுத்துக் குறுக்கி, தேதிகள் எல்லாம் வேலிக்கம்பி போட்டதுபோல் வரும்படி செய்துவிட்டு, "ஐயோ தம்பி, தேதி எல்லாம் போயிருச்சு" என்று அழைத்தேன். தொலைபேசி எண்கள் இருந்த பத்தியைக் குறுக்கியபோது அவை 'ஆறு புள்ளி பூஜ்யம் ஒன்று ஈ' என்று வாய்ப்பாடு படித்தன. அதற்கும் அழைத்தேன். நீயும் பொறுமையாக, "அகலப்படுத்துங்கம்மா, திரும்ப வந்துரும்" என்று மூன்று தடவை சொன்னாய். நான்காவது தடவை, "அம்மா, இந்தப் பத்தி எப்படித்தான் தானா சுருங்குதோ" என்று பெருமூச்சு விட்டாய். முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்தவள், ஒரு பத்தியை அகலப்படுத்தத் தெரியாதவளாக நடித்தேன். என் மானத்தையே அடகு வைத்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆனால் ஸ்பேஸ் விஷயத்தில் நான் நடிக்கவில்லை, அது என் சொந்தக் குற்றம். தட்டச்சு இயந்திரத்தில் ஒரு தலைப்பு நடுவில் வர வேண்டுமென்றால், எழுத்துகளை எண்ணிக் கணக்குப் போட்டு, அத்தனை முறை ஸ்பேஸ் தட்ட வேண்டும். அப்படித்தான் எனக்குக் கை படிந்திருக்கிறது. என் சம்பந்தியம்மா, அதாவது உன் ஷாலினியின் அம்மா, பெயரை எழுதும்போது மரியாதைக்காக நடுவில் இருக்கட்டும் என்று முன்னால் நான்கு ஸ்பேஸ் தட்டினேன். நீ என்னவோ மண்டப வாசலில் வைப்பதற்கு, பெயரைத் தட்டினால் மேசை எண் சொல்லும் ஒரு ஏற்பாட்டைச் செய்து, பெருமையாக சுங்கை பூலோவுக்கும் அனுப்பி வைத்தாய். அந்த அம்மா ஆசையாகத் தன் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பத்தாவது நிமிடம் எனக்கு அழைப்பு. "அக்கா, எம் பேரு அடிச்சா என்-ஏன்னு வருது. என்னா அர்த்தம்?" எனக்கு அர்த்தம் தெரியும், அப்படி ஒருவர் இல்லை என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவளிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? "நம்பர் ஒதுக்காத ஸ்பெசல் மேச, அதான்" என்று சமாளித்தேன். அவர் மகிழ்ந்துபோய், தன் தங்கைக்கும் என்-ஏ மேசையிலேயே இடம் கேட்டார்.

நீ அன்று என்னைக் கோபித்துக்கொண்டது சரிதான். "ஸ்பேஸ் பார் மேல உங்களுக்கு என்னம்மா அவ்ளோ பாசம்?" என்று கேட்டாய். பிறகு உட்கார்ந்து, முன்னாலும் பின்னாலும் இருந்த ஸ்பேஸை எல்லாம் ஏதோ சூத்திரம் போட்டுத் துடைத்தாய். அப்படியும் சிலது போகவில்லை. "இது வாட்சப்லேர்ந்து ஒட்டுனதோட வந்த ஸ்பேஸ். பாக்க அதே மாதிரிதான் இருக்கும். ஆனா வேற" என்றாய். கண்ணுக்கே தெரியாத ஒன்றில்கூட இரண்டு வகை உண்டா என்று நான் வாய் பிளந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அன்று என்னிடம் பேசிய அந்தக் குரலில் ஷாலினியிடம் பேசிவிடாதே. 'நான் சொன்னேன்ல, நீங்க செய்யல' என்கிற குரல் அது. வாடிக்கையாளர் அழைப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். பெண்டாட்டி வைக்க மாட்டாள். மனத்தில் வைத்துக்கொள்வாள். நான் வைத்துக்கொண்டவள், அதனால் சொல்கிறேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வந்து, தோசையை ஒரு பக்கமும் லேப்டாப்பை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கீழே மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. ஷாலினியின் அண்ணன் அச்செடுத்துக் கையால் எண்ணியதில் நானூற்றுப் பதினொன்று. மறைத்து வைத்தாலும் கூட்டலில் அந்த ஒன்று சேர்ந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீ விரலை வைத்து இடது ஓரத்தில் இறங்கிக்கொண்டே வந்தாய். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். விரல் நின்றது. "என்னம்மா, நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தெட்டு?" என்றாய். "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அந்த வரிசையைத் திறக்க உனக்கு இரண்டு வினாடி போதும். அதில் யார் பெயர் இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும், நீ எழுதியதுதானே. ஆனால் நீ, "சரிம்மா. நான் அடுத்த ஞாயிறு வந்து பாக்குறேன். மண்டபத்துக்கு லிஸ்ட் திங்கக்கெழமதானே குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை மூடி, இன்னும் இரண்டு தோசை கேட்டாய். உன் கார் தாமான் வீடுகளின் முனையைத் தாண்டும் வரை வாசலில் நின்றேன். நீ எனக்கு ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது. உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்பட்டது ஒருபக்கம். நான் ஒளித்து வைத்ததை நீ மாப்பிள்ளைத்தனமாகப் பெருந்தன்மை காட்டி மன்னிக்கிறாயே என்ற எரிச்சல் ஒருபக்கம். இரண்டும் சேர்ந்து அன்று என்னைச் சாப்பிடவிடவில்லை.

நான் கோபத்தில் மறைத்ததாக நீ நினைத்திருப்பாய். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நண்பனின் லோரிப் பட்டறையில் இரண்டு வாரம் கைகொடுத்துவிட்டு வருகிறேன் என்று பந்திங் போனவர், பதினேழு வருஷமாக அந்த இரண்டு வாரத்தை முடிக்கவில்லை. கோபப்படுவதற்கு எனக்கு உரிமை இல்லையா என்ன. ஆனால் தம்பி, கல்யாணக் கார்டில் அவர் பெயரை நீ அச்சடிக்கச் சொன்னபோது நான் ஒரு வார்த்தையாவது மறுத்தேனா? பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் கார்டைச் சரிபார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். கார்டில் இருக்கும் பெயர் வாயைத் திறக்காது. மேசையில் வந்து உட்காரும் ஆள் திறப்பார். அதற்குத்தான் பயந்தேன். மறைத்தது அதனால்தான்.

இனிமேல் எழுதப்போவதற்கு எனக்குக் கை ஓடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

'அப்பா ஒருநாள்கூட என்னப் பாக்க வரலயாம்மா?' என்று பள்ளிக்கூடம் படிக்கும்போது நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய். இல்லை என்றேன். அது பொய். அவர் மூன்று தடவை வந்தார். முதல் தடவை, உன் பதினோராவது பிறந்த நாளுக்கு. நீ உள்ளே குளித்துக்கொண்டிருந்தாய். கேட்டைத் திறக்காமல், பையன் டியூஷன் போயிருக்கிறான் என்றேன். கம்பி வழியாகப் பந்து விளையாடும் பூட்ஸ் பெட்டியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மாமா வாங்கித் தந்தது என்று உன்னிடம் சொன்னேன். நீ ஓடிப் போய் மாமாவைக் கட்டிக்கொண்டாய். அந்த மனுஷனும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். கால் விரல் முட்டும் வரை இரண்டு வருஷம் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு விளையாடினாய். இரண்டாவது தடவை உன் ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த வாரம். அப்போது நான் கதவையே திறக்கவில்லை, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை நீ யூனிவர்சிட்டிக்கு வடக்கே கிளம்பியதற்கு முதல் நாள். எதிர்ச் சாலையில் சாப்பாட்டுக் கடையின் கூரைக்குக் கீழே மழையில் நின்றார். நீ வாளியும் தலையணையும் வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தாய். உனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. அவர் இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் போய்விட்டார்.

காரணம் கேட்டால், நீ அவரோடு பந்திங் போய்விடுவாயோ என்கிற பயம்தான். உனக்கு அவரைப் பிடிக்கும். கேட்டைத் திறந்துவிட்டால் நீ அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொள்வாய் என்று தோன்றியது. பிறகு நீ வளர்ந்துவிட்டாய், பயம் போய்விட்டது. ஆனால் சொன்ன பொய் மட்டும் போகவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டே வருஷங்களை ஓட்டிவிட்டேன். விட்டுவிட்டுப் போனது அவர் செய்த தப்பு. வந்தபோது உள்ளே விடாதது நான் செய்தது. இரண்டையும் ஒன்றாக்கி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டி உன்னை வளர்த்தேன்.

திங்கட்கிழமை நாற்பத்தாறையும் நாற்பத்தெட்டையும் சேர்த்துப் பிடித்து, நானே அந்த வரிசையைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு கார்டை எடுத்துக்கொண்டு கிள்ளானில் பஸ் ஏறி பந்திங் போனேன். பட்டறை, செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில், சாலை ஓரமாகவே இருந்தது. ஒரு லோரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யார் கால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. வெளியே வந்து என்னைப் பார்த்தவர், "வா. பஸ்லயா வந்த?" என்றார். பதினேழு வருஷம் கழித்து இதுதான் கேள்வி! "பின்ன, பறந்தா வந்தேன்?" என்றேன். கார்டை நீட்டினேன். கையெல்லாம் கிரீஸ். இரு என்று சைகை காட்டிவிட்டுப் போய், சோப்புத் தூள் போட்டு இரண்டு தடவை கழுவி, சட்டையில் துடைத்து, மறுபடி பார்த்து, மறுபடியும் கழுவினார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைக்காமல் பார்த்தார், அழுக்காகிவிடுமோ என்று.

"நான் வந்ததெல்லாம் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, விடு. கல்யாண நேரத்துல எதுக்கு அதெல்லாம். நானும் சொல்ல மாட்டேன் லா. அவன் கேட்டா, வேல ஜாஸ்தி, வர முடியலன்னு சொல்லிக்கிறேன். பின்னால ஏதாச்சும் ஒரு மேச குடு, போதும். மேடப் பக்கம்லாம் நான் வரல" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். நான் பயந்த ஆபத்து தானாகவே விலகி நின்றுவிட்டதே! ஆனால் எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் சொன்ன பொய்யை எனக்காக இவர் தூக்கிச் சுமப்பதாம், அதையும் என் முகத்துக்கு நேரே சொல்வாராம். "உங்க தயவு ஒண்ணும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். தெலுக் பங்ளிமா காராங் வரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அதைத் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆன்டி டிஷ்யூ கொடுத்தார். கல்யாணமா, கருமாதியா என்று கேட்டார். மகன் கல்யாணம் என்று சொன்னதும் வாழ்த்திவிட்டு, இன்னொரு டிஷ்யூவும் கொடுத்தார்.

அதனால், அவர் எனக்காக உன்னிடம் பொய் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். உனக்கு என் மேல் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை வந்து, முதலில் திட்டித் தீர்த்துவிடு, அதற்குப் பிறகு சாப்பிடலாம். சாப்பிட்டுவிட்டுத் திட்டினால் உனக்கு ஜீரணம் ஆகாது, சின்ன வயதிலிருந்தே உன் உடம்பு வாகு அப்படி. வரவே மாட்டேன் என்று இருந்துவிடாதே. அதைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. உனக்குக் கல்யாணப் புத்தி சொல்லும் தகுதி இனி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஷாலினி என்றைக்காவது எதையாவது உன்னிடம் மறைத்தால், எனக்குக் கொடுத்ததுபோல அவளுக்கும் ஒரு வாரம் கொடு. நீ மறைத்தால் உனக்கு நீயே ஒருநாள்கூடக் கொடுக்காதே. வருஷக்கணக்காகிவிடும், கண்மூடித் திறப்பதற்குள்.

கடைசியாக மேடை விஷயம். பாத பூஜைக்கு மாமாவும் மாமியும் நாற்காலியில் உட்காரட்டும், தனியாள் நான் கீழே நின்று பார்க்கிறேன் என்று முன்பு உன்னிடம் சொல்லியிருந்தேன். அதை மாற்றிவிட்டேன். நேற்று மாமாவிடம் சொன்னதும் அவர், "அப்பாடா, அந்த பூட்ஸ் விஷயத்தயும் சொல்லிரு தாயி, என்னால அவன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். சொல்லிவிட்டேன் என்று அவருக்கு இன்று அழைத்துச் சொல்வேன். மேடையில் இரண்டு நாற்காலி போடச் சொல், ஒன்றில் நான், ஒன்றில் உன் அப்பா. அவர் வர மாட்டேன் என்று பின்வாங்குவார். நீயே இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வா. நான் கூப்பிட்டால் வர மாட்டார், நீ கூப்பிட்டால் வருவார். முதலில் அவர் காலைக் கழுவு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், ஐயர் அவசரப்படுத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன். என் மேல் கோபம் அன்றைக்கும் தீராமல் இருந்தால், செம்பில் மிச்சம் இருக்கும் தண்ணீர் எனக்குப் போதும். என் காலைக் கழுவாமல் மட்டும் எழுந்து போய்விடாதே.

அம்மா